ஆணிக்குப் பதில் கிராம்பு

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆராதனை முடிந்ததும் எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு வேலை நடக்கும். பீடத்துக்கு முன்னால் நட்டிருக்கும் பெரிய சிலுவையில் இரண்டு பக்கமும் ஏணி சாத்தி, இரண்டு ஆண்கள் ஏறி, இயேசுவின் பாடுபட்ட சுரூபத்தை இறக்குவார்கள். முதலில் முள்முடி. அப்புறம் வலது கை ஆணி, இடது கை ஆணி, கடைசியில் கால். ஒவ்வொரு ஆணியும் கழன்று வரும்போது தட்டில் போடுகிற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். அந்தச் சுரூபத்துக்குத் தோளில் மூட்டு உண்டு. ஆணி போனதும், விரிந்திருந்த கை மெதுவாக மடங்கி உடம்போடு வந்து சேரும். அந்த நேரத்தில் கோயிலில் ஒருத்தர்கூட இருமமாட்டார்கள்.

கீழே வெள்ளைத் துணி பிடித்து வாங்குகிற நான்கு பெண்களில் என் அத்தையும் ஒருவர். ஆசந்தி என்கிற பாடையில் கிடத்துவதற்கு முன்னால், பன்னீரில் நனைத்த பஞ்சால் அவர்கள் காயங்களை ஒற்றி எடுப்பார்கள். விலாக் காயம் அத்தையின் பங்கு. காயத்தின் நடுவில் பஞ்சை வைத்து ஓரத்துக்கு இழுப்பார், பஞ்சைப் போட்டுவிடுவார், புதுப் பஞ்சு எடுப்பார். ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒருநாளும் கொண்டுவரமாட்டார். தாத்தாவுக்குக் காலில் சர்க்கரைப் புண் வந்து படுத்திருந்தபோது, ஒரு நர்ஸ் அத்தைக்குக் கற்றுக்கொடுத்த முறை அது. மரச் சுரூபத்துக்கும் அதே முறைதான்.

இது கடற்கரை ஊர்களில் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட வழக்கம் என்று மட்டும் வெகுநாள் நினைத்திருந்தேன். இதற்குப் பின்னால் எவ்வளவு நீளமான ஒரு கதை இருக்கிறது என்பது, இடைக்கால ஐரோப்பிய மடங்களைப் பற்றி வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அந்த மடங்களில் கிறிஸ்துவின் உருவத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் இப்போது என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்படி வரைந்தார்கள் என்பது இரண்டாவதுதான். வரைந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்?

தென்மேற்குப் பிரான்சில் மொய்சாக் என்ற ஊரில் ஒரு பெனடிக்ட் சபை மடம் இருந்தது. அதன் தெற்கு வாசலுக்கு மேலே, 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செதுக்கிய அரைவட்டக் கல் ஒன்று இன்றும் இருக்கிறது. நடுவில் அரியணையில் கிறிஸ்து. தலையில் முடி, ஒரு கை உயர்ந்திருக்கிறது, இன்னொரு கை புத்தகத்தின் மேல். சுற்றி நான்கு உயிர்கள், அவற்றைச் சுற்றி பைபிளின் கடைசிப் புத்தகமான திருவெளிப்பாடு சொல்லும் 24 மூப்பர்கள். யாழ் போன்ற ஒரு வாத்தியமும் கிண்ணமும் கையில் பிடித்தபடி, ஒவ்வொரு மூப்பரும் கழுத்தை வளைத்து அண்ணாந்து அவரையே பார்க்கிறார்கள். சிலருக்குக் கழுத்து முறிந்துவிடும் போல இருக்கிறது. வாசலில் நிற்கிற நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கும். இந்தக் கிறிஸ்துவுக்கு நம்மிடமிருந்து எதுவும் தேவையில்லை. அவருக்குப் பஞ்சு வைத்து ஒற்ற ஒரு இடமும் இல்லை.

முதலில் இப்படி அரசராக இருந்தவர் அப்புறம் துன்பப்படும் மனிதர் ஆனார் என்று பல புத்தகங்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. வேலை நிமித்தம் சில மாதம் ஜெர்மனியில் இருந்தபோது கொலோன் பேராலயத்துக்குப் போயிருந்தேன். அங்கே பேராயர் கேரோவின் பெயரால் அழைக்கப்படும் சிலுவை இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் செய்தது, மொய்சாக் கல்லைவிட நூறு வருஷத்துக்கும் மேல் மூத்தது. ஓக் மரத்தில் ஆளுயரச் சுரூபம், 187 சென்டிமீட்டர். கண் மூடியிருக்கிறது. தலை ஒருபக்கம் தொங்கிவிட்டது. உடம்பின் பாரம் முழுவதும் கையில் இழுபட, வயிறு முன்னால் சரிந்து புடைத்திருக்கிறது. செத்துப்போன உடம்பை அருகில் இருந்து பார்த்த ஒருவரால்தான் அந்த வயிற்றைச் செதுக்க முடியும். பின்னால் 1683-இல் வைத்த பொன் கதிர்கள் பளபளக்கின்றன. எனக்கு அந்தக் கதிர்கள் இடைஞ்சலாகத்தான் பட்டன.

ஆக, துன்பப்பட்ட கிறிஸ்து முன்னமே இருந்தார். மாறியது எதிரில் நிற்பவர்களின் மனது. அந்த மாற்றம் தெருவிலோ அரண்மனையிலோ தொடங்கவில்லை. மடங்களுக்குள்ளே, ஜெபத்தில் தொடங்கியது.

நார்மண்டியில் பெக் மடத்துத் துறவியாக இருந்து பிறகு கேன்டர்பரி பேராயரான ஆன்செல்ம், பவுலை நோக்கி எழுதிய ஜெபம் ஒன்றின் நடுவில் இயேசுவின் பக்கம் திரும்பி, நீரும் ஒரு தாய் அல்லவா என்று கேட்கிறார். குஞ்சுகளைச் சிறகுக்கடியில் சேர்க்கும் கோழியாகத் தன்னைச் சொல்லிக்கொண்டவர் தாயாகத்தானே இருக்க வேண்டும் என்பது அவர் நியாயம். 11ஆம் நூற்றாண்டில் எழுந்த கேள்வி இது. அடுத்த நூற்றாண்டில் கிளேர்வோ மடத்து அதிபர் பெர்நார்து இன்னும் நெருங்கிப் போனார். பைபிளின் இனிமைமிகு பாடலில் காதலி தன் மார்பில் வெள்ளைப்போளம் என்ற கசப்புப் பிசின் முடிப்பு வைத்திருப்பதாக ஒரு வரி வருமில்லையா, அதை எடுத்துக்கொண்டு ஒரு மறையுரை சொல்கிறார். குழந்தைப் பருவத்தின் இல்லாமை, நடந்த களைப்பு, விழித்த இரவுகள், கண்ணீர், அடி, எச்சில், ஆணி என்று தன் ஆண்டவர் பட்ட கசப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கட்டி, நெஞ்சில் வைத்துக்கொண்டதாகச் சொல்கிறார்.

இதே பெர்நார்துதான் மடங்களில் சிற்பங்கள் வேண்டாம் என்று கடுமையாக எழுதியவர். 1125 வாக்கில் எழுதிய மடலில், உள்முற்றத் தூண்களில் குரங்கும் சிங்கமும் பாதி மனிதப் பாதி மிருகங்களும் எதற்கு, துறவிகள் புத்தகத்தை விட்டுவிட்டு நாள் முழுக்கக் கல்லையே படித்துக்கொண்டிருக்கவா என்று கேட்கிறார். அவருடைய சிஸ்டர்சியன் சபை தன் கோயில்களிலும் மடத்து அறைகளிலும் சிற்பமும் ஓவியமும் கூடாது என்று விதி போட்டது. ஒரே ஒரு விலக்கு, வண்ணம் தீட்டிய மரச் சிலுவைகள். உருவ வெறுப்பு என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறையிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்தால், கண் எங்கே போகும்? சுண்ணாம்பு அடித்த வெற்றுச் சுவருக்கு நடுவில் இருக்கிற அந்த ஒன்றிடம்தான் போகும். போய், அங்கேயே தங்கும்.

அப்படித் தங்கியதால் என்ன ஆனது என்பதை அந்தச் சபையார் ஒரு கதையாகச் சொன்னார்கள். பெர்நார்து பீடத்துக்கு முன்னால் தனியாகக் குப்புற விழுந்து ஜெபித்துக்கொண்டிருக்கிறார். எதிரே தரையில் ஒரு சிலுவை, அதில் பாடுபட்ட உருவம். அவர் அதை முத்தமிட்டுக்கொண்டே இருக்கும்போது, சிலுவையில் இருந்தவர் தன் கைகளை ஆணியிலிருந்து விடுவித்து அவரை அணைத்துக்கொள்கிறார். பார்த்த ஒரு துறவி சொன்னதாக இதை 1200 வாக்கில் எழுதிவைத்தார்கள். பிற்காலத்தில் எத்தனையோ ஓவியர்கள் இதை வரைந்தார்கள். கதையில் நான் கவனிப்பது சிலுவை இருந்த இடத்தை. மொய்சாக்கில் கழுத்து முறிய அண்ணாந்து பார்க்க வேண்டியவர், இங்கே தரையில், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறார்.

இதற்கெல்லாம் மேலே எனக்குப் பிடித்தது ஓர் அண்ணனோ தம்பியோ தன் சகோதரிக்கு எழுதிய மடல். இங்கிலாந்தின் ரீவோ மடத்து அதிபர் ஏல்ரெட், 1160 வாக்கில், தன்னைத்தானே ஓர் அறைக்குள் அடைத்துக்கொண்டு தவம் செய்த தன் உடன்பிறந்தவளுக்கு எழுதினார். சாப்பாடு, உடை, பேச்சு, தூக்கம் எல்லாவற்றுக்கும் யோசனை சொல்கிறார். உன் பீடத்தில் என்ன வைக்கலாம்? வேலைப்பாடுள்ள படங்கள் வேண்டாம், சிலுவையில் தொங்கும் மீட்பரின் உருவம் ஒன்று போதும் என்கிறார். அவருடைய விரிந்த கைகள் தம்மை அணைத்துக்கொள்ளச் சொல்லி உன்னைக் கூப்பிடும். திறந்த மார்பு இனிய பாலை ஊட்டி உன்னைத் தேற்றும். வேண்டுமானால் இரண்டு பக்கமும் மரியாளையும் யோவானையும் வைத்துக்கொள். அவ்வளவுதான். அந்தச் சகோதரியின் பெயரை யாரும் நமக்கு விட்டுவைக்கவில்லை. நான்கு சுவருக்குள் வாழ்நாள் முழுக்க அந்த ஓர் உருவத்தோடு இருந்த பெண், அதோடு என்னென்ன பேசியிருப்பாள்!

பெண்கள் மடங்களுக்கு வந்தால் கதை சூடுபிடிக்கிறது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஹெல்ஃப்டா என்ற மடம். 1229-இல் வேறோர் இடத்தில் தொடங்கி, 1258-இல் இங்கே குடிவந்தது. ஜெர்த்ரூத் என்ற பெண்ணை ஐந்து வயதிலேயே இங்கே கொண்டுவந்து விட்டார்கள். லத்தீன் நன்றாகப் படித்தார், படிப்பிலேயே மூழ்கிக் கிடந்தார். 1281 ஜனவரி 27 அந்தி நேரம், பதினாறு வயதுப் பையன் போல ஒருவர் எதிரே வந்து நின்றார். நடுவில் கடக்க முடியாத ஒரு முள்வேலி. அவர் கையை நீட்டிப் பிடித்து வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கிவிட்டார். பிடித்த கையைப் பார்த்தபோதுதான் அதில் இருந்த காயத்தைக் கண்டேன் என்று எழுதுகிறார் ஜெர்த்ரூத். முகத்தை வைத்து அடையாளம் தெரியவில்லை, கைக் காயத்தை வைத்துத்தான் தெரிந்தது.

அவரைப் பற்றி உடனிருந்த சகோதரிகள் எழுதிய பகுதியில் ஒரு சின்னச் சம்பவம் வருகிறது. ஜெர்த்ரூத் எப்போதும் பக்கத்தில் வைத்திருந்த பாடுபட்ட சுரூபம் ஒன்று இருந்தது. ஒருநாள் அதிலிருந்து இரும்பு ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, அந்த ஓட்டைகளில் கிராம்பு செருகிவைத்தார்.

இதைப் படித்த அன்று வேறு எதையும் என்னால் படிக்க முடியவில்லை. கிராம்பை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கூரான காம்பு, மேலே ஒரு குமிழ். அச்சு அசல் ஆணி. ஜெர்மன் மொழியில் அதன் பெயரே சின்ன ஆணி என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். கிழக்கே மலுக்குத் தீவுகளில் மட்டும் விளைந்து, இந்தியப் பெருங்கடலைத் தாண்டி, எத்தனையோ கை மாறி ஐரோப்பாவுக்குப் போன விலையுயர்ந்த சரக்கு. நம் பக்கத்துக் கடலைக் கடந்து போன கிராம்பு ஒன்று, குளிர்ந்த சாக்சனியில் ஒரு மடத்து அறையில், ஒரு மர உடம்பின் காயத்தில் போய் அமர்ந்திருக்கிறது. பல்வலி என்றால் அத்தை ஒரு கிராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வார். வலி இருக்கிற இடத்தில் கிராம்பை வைக்க வேண்டும் என்று ஜெர்த்ரூத்துக்கும் தெரிந்திருக்கிறது.

அதே ஜெர்த்ரூத், நற்செய்தி எழுதிய யோவானின் திருநாளன்று ஆண்டவரின் விலாவில் தலைவைத்து இதயத் துடிப்பைக் கேட்டதாகவும் எழுதப்பட்டிருக்கிறது. இது இவ்வளவு இனிமையாக இருக்கிறதே, நீர் ஏன் இதைப் பற்றி எழுதாமல் விட்டீர் என்று யோவானைக் கேட்கிறார். உலகம் கிழடாகி அன்பு ஆறிப்போகும் காலத்துக்காக அதை விட்டுவைத்தோம் என்கிறார் யோவான். நம் வீட்டுச் சுவர்களில் சிவப்பு பல்பு எரிய மாட்டியிருக்கும் திரு இருதய ஆண்டவர் படத்துக்கு 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சைத்தான் மூலம் என்பார்கள். அதற்கும் 400 வருஷம் முன்னால் ஹெல்ஃப்டாவில் ஒருத்தி அந்த இருதயத்தில் காதை வைத்திருந்தாள்.

இந்தப் பெண்கள் வரைந்த படங்களை அறிஞர்கள் வெகுகாலம் மட்டமாகத்தான் பேசினார்கள். கன்னியர் கைவேலை என்று ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லே உண்டு, அதில் ஓர் இளக்காரம் இருக்கும். கொலோனின் ஷ்னூட்கன் அருங்காட்சியகத்தில் உள்ள 14ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்றின் படத்தை அச்சில் பார்த்தேன். சிலுவையில் கிறிஸ்து; கீழே ஒருபக்கம் பெர்நார்து, மறுபக்கம் ஒரு கன்னியாஸ்திரி, இருவரும் சிலுவையைப் பிடித்துக்கொண்டு முழந்தாளில் நிற்கிறார்கள். உடம்பு முழுக்கச் சிவப்பு ஓடுகிறது. தூரிகையில் தோய்த்து அப்படியே வழியவிட்டது போன்ற சிவப்பு. உடம்புக் கணக்கு எதுவும் சரியில்லை. ஆனால் அந்தச் சிவப்பை வைத்த கை அழகாக வரையப் பார்க்கவில்லை. அது புண்ணை மறைக்காமல் காட்டுகிறது. இரத்த வெறி என்று இதைச் சொல்கிறவர்கள் ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றியதே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும். கட்டு மாற்றுகிறவர் புண்ணைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் 15ஆம் நூற்றாண்டுக் கடைசியில் செய்த சிறிய ஜெபப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் முதல் சில பக்கங்கள் கறுப்பு, மேலே இரத்தத் துளிகள். அடுத்து வரும் பக்கங்கள் முழுச் சிவப்பு, அதில் இன்னும் அடர்ந்த சிவப்பில் காயங்கள், வரிசை வரிசையாக. உடம்பும் முகமும் அங்கே இல்லை. சில இடங்களில் சாயம் தேய்ந்து மங்கியிருக்கிறது. முத்தமும் விரலும் பட்டுப் பட்டுத் தேய்ந்தது.

இந்தப் பக்தியில் எனக்கு உறுத்துகிற பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. தொமினிக்கன் சபைத் துறவி ஹைன்ரிஷ் சூசோ இயேசுவின் பெயரைத் தன் நெஞ்சில் எழுத்தாணியால் கீறிக்கொண்டார், ஆணி பதித்த மரச் சிலுவையை முதுகில் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்தார். காயத்தைத் துடைப்பதற்குப் பதில் காயத்தைப் பெருக்குகிற வழி அது. பிற்பாடு அவரே அதை விட்டுவிட்டார். அதைவிடப் பெரிய கொடுமை ஒன்றும் நடந்தது. பாடுகளின் படங்களில் அடிக்கிறவர்களையும் துப்புகிறவர்களையும் யூதர்களாகக் கோரமாக வரைந்தார்கள். அந்தப் படங்களையும் பெரிய வாரத்து மறையுரைகளையும் கண்டு கொதித்தவர்கள் பக்கத்துத் தெரு யூதக் குடும்பங்களின் மேல் பாய்ந்தார்கள். காயத்தை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வேறொருவருக்குக் காயம் செய்தார்கள். அந்த யூதரான இயேசுவின் பெயராலேயே செய்தார்கள்.

சரி, இங்கிலாந்தின் நாரிச் நகரத்தில் வாழ்ந்த ஜூலியன் என்ற பெண்ணுக்கு வருகிறேன். 1373 மே மாதம், முப்பது வயதில், சாகக் கிடந்தார். கடைசி நேரம் என்று வந்த குருவானவர் கண்ணுக்கு நேரே ஒரு பாடுபட்ட சுரூபத்தைப் பிடித்தார். அறை இருட்டிக்கொண்டு வந்தது, சுரூபத்தின் மேல் மட்டும் வெளிச்சம். முள்முடிக்கடியிலிருந்து இரத்தம் இறங்கத் தொடங்கியது. பிழைத்தெழுந்து, பிறகு ஒரு கோயிலை ஒட்டிய அறையில் அடைபட்டு வாழ்ந்து, அந்த நாளைப் பற்றி வருஷக்கணக்கில் யோசித்து எழுதினார். துளிகள் எப்படி விழுந்தன? பெரிய மழைக்கு அப்புறம் இறவாரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் போல, எண்ண முடியாமல் விழுந்தன. நெற்றியில் எப்படிப் பரவின? ஹெர்ரிங் மீனின் செதிள் போல வட்டமாக.

ஹெர்ரிங் நம் சாளைக்கு ஒன்றுவிட்ட உறவு. நாரிச்சுக்குப் பக்கத்துத் துறைமுகமான யார்மத் அந்த மீனால் வாழ்ந்த ஊர். சாளை ஆய்கிறவர்களுக்குத் தெரியும், செதிள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மெல்லிசாக, கையில் ஒட்டிக்கொண்டு போகாது. காய்ந்தால் மினுங்கும். இதுவரை வாசித்த எந்த இறையியலும் தராத ஒரு நெருக்கத்தை எனக்கு அந்த மீன் செதிள் தந்தது. ஆண்டவரின் நெற்றியைப் பார்த்து மீன் செதிளை நினைக்கிற பெண், அடுப்படியில் நின்றவள். இயேசு நம் தாய் என்று அவர் அத்தியாயம் அத்தியாயமாக எழுதியதும் அதே கையால்தான்.

வட ஜெர்மனியில் வீன்ஹவுசன் என்ற சிஸ்டர்சியன் பெண்கள் மடத்தில், கல்லறையில் கிடக்கும் கிறிஸ்துவின் மரச் சுரூபம் ஒன்று இருக்கிறது. அதை வைக்க 1448-இல் ஒரு பெட்டி செய்தார்கள். 1953-இல் அந்த மடத்துப் பாடகர் கூடத்தின் பலகைத் தரையைப் பிரித்தபோது, இடுக்குகளில் விழுந்து கிடந்த சின்னச் சின்னப் பக்திப் படங்களும், நடுவில் தறையாணியால் இணைத்த பழைய மூக்குக் கண்ணாடிகளும் கிடைத்தன. கண் மங்கிய கிழவிகள் ஜெபப் புத்தகத்தின் மேல் குனிந்திருந்த இடம் அது.

கடைசியாக, என்னை ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்த செய்தி. லண்டனுக்குக் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில் பெனடிக்ட் சபைப் பெண்கள் மடம் இருந்தது. 1358 முதல் 1376 வரை அதன் தலைவியாக இருந்தவர் சட்டன் ஊரைச் சேர்ந்த காத்தரீன். ஜனங்களின் பக்தி உறைந்து கிடக்கிறதே என்று கவலைப்பட்டு, பாஸ்கா என்கிற உயிர்ப்பு விழா வழிபாட்டை உயிரோட்டமாக்க முயன்றவர். அந்த மடத்தின் வழிபாட்டு ஒழுங்குப் புத்தகம் 1404-இல் எழுதியது. அதில் பெரிய வெள்ளிக்கு என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா? இரண்டு குருக்கள், இயேசுவை அடக்கம் செய்த அரிமத்தியா சூசையாகவும் நிக்கதேமுவாகவும் நின்று, சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்க வேண்டும். இறக்கி, அதன் காயங்களைத் திராட்சை இரசத்தாலும் தண்ணீராலும் கழுவ வேண்டும். அப்புறம் கல்லறையில் வைக்க வேண்டும். கழுவியது குருக்கள், கூட நின்றது மடத்துப் பெண்கள்.

இயேசு சொன்ன கதையில் நல்ல சமாரியன் அடிபட்டவனின் புண்ணில் வார்த்தது எண்ணெயும் திராட்சை இரசமும். அந்தக் காலத்தில் புண் கழுவ அதுதான் மருந்து. ஆக, அவர்களும் சும்மா சடங்குக்காக ஒரு மரத்தைக் கழுவவில்லை. நிஜப் புண்ணுக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள்.

போன தவக்காலத்தில் அத்தைக்கு போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். அத்தைக்கு இப்போது முட்டி வலி, துணி பிடிக்கப் போவதில்லை. மொய்சாக்கையும் பெர்நார்தையும் உம் கொட்டிக் கேட்டுக்கொண்டார். கிராம்புக்கு வந்ததும் நிறுத்தினார்.

"எத்தன கிராம்பு மக்கா? காலுக்கு ஒண்ணா, ரெண்டா?"

நல்ல கேள்வி. பழைய சிலுவைகளில் இரண்டு காலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், மொத்தம் நான்கு ஆணி. 13ஆம் நூற்றாண்டில்தான் ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்து ஒரே ஆணி அடிக்கும் வழக்கம் பரவியது. அதனால் ஜெர்த்ரூத் காலத்தில் அநேகமாக மூன்றுதான் இருந்திருக்கும் என்றேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கிராம்பு நிக்காதே. காஞ்சா தலைக்கொண்டை உதிந்துபோயிரும். அந்தப் புள்ள அடிக்கடி மாத்திக்கிட்டே இருந்திருக்கும்."